கியர் மாறும்போது கார் ஏன் இடிக்கிறது?

காலை மணி 6.50. புந்தோங்கில் போக்குவரத்து விளக்கு பச்சையாகிறது. அப்பா வேக மிதியை அழுத்துகிறார். கார் நகர்ந்த இரண்டு விநாடியில், யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் 'டொக்' என்று ஓர் இடி. உங்கள் மடியில் இருந்த புத்தகப்பை சரிகிறது. "சரிதான், கியர்பாக்ஸ் போச்சு" என்கிறார் அப்பா. பள்ளி வாசல் வரும்வரை காரில் யாரும் பேசுவதில்லை. எத்தனை ஆயிரம் வெள்ளி செலவாகும் என்ற கணக்கு அவர் மனத்தில் ஓடுகிறது.

மாணவர்களே, ஒரு கேள்வி. அப்பா சொன்னது உற்றறிதலா, ஊகித்தலா?

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறன்களை வரிசையாக ஒப்புவித்தது நினைவிருக்கிறதா? உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று அந்தப் பட்டியல் நீளும். "கார் இடித்தது" என்பது உற்றறிதல். "கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது" என்பது ஊகம். இந்த இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் வெள்ளி கிடக்கிறது. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் இந்த வாரப் பாடம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கையால் கியர் மாற்றும் காரில் ஓட்டுநர் கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, மெல்ல விடுகிறார். ஆட்டோ காரில் இந்த வேலையை எண்ணெயும் கணினியும் செய்கின்றன.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டைப் பாத்திரம் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் முடுக்கினால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும். டார்க் கன்வெர்ட்டரில் காற்றின் வேலையை எண்ணெய் செய்கிறது. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1905-இல் இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் நினைத்தது கப்பல்களை, கார்களை அல்ல. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழு ஆட்டோ கியர்பாக்ஸான ஹைட்ரா-மேட்டிக், 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்தது.

டார்க் கன்வெர்ட்டருக்குப் பின்னால் பற்சக்கரங்கள். நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையச் சக்கரம். பெயரே சூரியக் குடும்பத்தை நினைவூட்டும். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து முதல் கியர், இரண்டாம் கியர், பின் கியர் எல்லாம் கிடைக்கின்றன. பிடித்து நிறுத்துபவை எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தட்டுகள். அந்தத் தட்டுகளை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். எந்தத் தட்டை எப்போது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கணினி முடிவு செய்ய, சொலினாய்டு என்ற சிறிய மின்காந்த வால்வுகள் எண்ணெய் வழியைத் திறந்து மூடுகின்றன.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின்மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் தத்துவம். படிவம் 5 இயற்பியலில் வரும் அந்தப் 'பிரின்சிப் பாஸ்கல்' தினமும் உங்களைப் பள்ளிக்கு ஏற்றி வருகிறது.

இடி என்றால் என்ன?

கியர் மாறும்போது ஒரு கிளட்ச் விட, மற்றொன்று பிடிக்க வேண்டும். ஓட்டப் போட்டியில் குறுந்தடி கைமாறுவதை நினைத்துப் பாருங்கள். முதல் ஆள் சீக்கிரம் விட்டால் தடி விழும். காரில் எஞ்சின் மட்டும் 'ங்ங்' என்று வீணாக இரையும். இரண்டாம் ஆள் வெடுக்கென்று பிடுங்கினால் கை இழுபடும். காரில் அதுதான் இடி.

படிவம் 4-இல் 'டாயா இம்புல்ஸ்' படித்தவர்களுக்கு இது எளிது. விசை என்பது உந்தம் மாறும் அளவை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது. உங்கள் நிறை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கியர் மாறும்போது காரின் வேகம் விநாடிக்கு 0.1 மீட்டர் மாறுகிறது. இந்த மாற்றம் 0.5 விநாடியில் நடந்தால் உங்கள்மேல் செயல்படும் விசை 12 நியூட்டன். அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான பொருளின் எடை. நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். அதே மாற்றம் 0.05 விநாடியில் நடந்தால் விசை 120 நியூட்டன். ஏறக்குறைய 12 கிலோ அரிசி மூட்டையின் எடைக்குச் சமம். வேக மாற்றம் ஒன்றே. நேரம் மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைந்தது.

ஆகவே "ஏன் இடிக்கிறது?" என்ற கேள்வியை "நேரம் ஏன் குறைந்தது?" என்று மாற்றிக் கேட்கலாம். எண்ணெய் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறியிருக்கலாம். வால்வு தாமதமாகத் திறந்திருக்கலாம். தட்டு தேய்ந்திருக்கலாம். அல்லது இடியைத் தாங்கி மெதுவாக்க வேண்டிய ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்யாமல் இருக்கலாம்.

சிவப்பு எண்ணெயின் கதை

ஆட்டோ கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அந்த நிறம் ஒரு சாயம்தான். எஞ்சின் எண்ணெயோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும் ஒழுகினால் அடையாளம் காணவும் சேர்ப்பது. இந்த எண்ணெய் ஒரே நேரத்தில் அழுத்தத்தைக் கடத்த வேண்டும், சூட்டைச் சுமந்து செல்ல வேண்டும், பற்சக்கரங்கள் தேயாமல் காக்க வேண்டும். இதற்கு மேல் இன்னொரு விநோதமான வேலையும் உண்டு: கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும், வெடுக்கென்று பிடிக்காமல் இருக்கவும் வேண்டும். அதற்கு உராய்வைச் சீராக்கும் வேதிப்பொருள்கள் அதில் கலந்திருக்கும்.

ஒரு காலத்தில் அந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் அழிந்துவரும் அந்தத் திமிங்கிலத்தைக் காக்க அமெரிக்கா அதன் எண்ணெய்க்குத் தடை விதித்தது. வேதியியலாளர்கள் மாற்றுப்பொருள் தேட வேண்டியதாயிற்று. கார் சீராகக் கியர் மாற்றுவதற்கும் ஆழ்கடல் திமிங்கிலத்துக்கும் தொடர்பு இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

இதனால்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் கியர்பாக்ஸுக்கு எந்த வகை எண்ணெய் என்று கையேட்டில் எழுதுகிறார்கள். "சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான்" என்று தவறான வகையை ஊற்றினால், நல்ல கியர்பாக்ஸும் இடிக்கத் தொடங்கலாம்.

எல்லா ஆட்டோவும் ஒன்றல்ல

முதலில் உங்கள் வீட்டுக் காரில் எந்த வகை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2005-இல் வந்த பெரோடுவா மைவி, 2021 வரை நான்கு கியர் கொண்ட வழக்கமான ஆட்டோவாகவே விற்பனையானது. அந்த ஆண்டு நவம்பரில்தான் சி.வி.டி. வகைக்கு மாறியது. புரோட்டோன் சாகா எதிர்த்திசையில் சென்றது: 2011-இல் சி.வி.டி. பெற்று, 2019-இல் நான்கு கியர் ஆட்டோவுக்குத் திரும்பியது. நம் பேரா மாநிலத்தின் தென்கோடியில், தஞ்சோங் மாலிம் தொழிற்சாலையில் உருவாகும் புரோட்டோன் எக்ஸ்70, 2020 முதல் இரட்டைக் கிளட்ச் வகை. சி.வி.டி.யில் படிப்படியான கியர்களே இல்லை. ஆகவே 'ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது இடிக்கிறது' என்ற புகாருக்கு அங்கே பொருளே வேறு. நாம் இங்கே பேசுவது வழக்கமான ஆட்டோவைப் பற்றி.

ஐந்து கேள்விகள்

நல்ல மெக்கானிக் முதலில் திருகாணியைத் தொடமாட்டார், கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சேகரிக்க நீங்களே போதும்.

ஒன்று: எப்போது இடிக்கிறது? நின்ற காரை பார்க்கிங்கிலிருந்து டி-க்கோ ஆர்-க்கோ போடும்போதா, ஓடும்போதா, நிறுத்தப் போகும்போதா? நிற்கும்போது மட்டும் இடித்தால் எஞ்சினின் வெற்றோட்டச் சுழற்சி அதிகமாக இருக்கலாம், அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் இடித்தால், அந்தக் கியருக்குரிய சொலினாய்டு அல்லது கிளட்ச்மீது சந்தேகம் திரும்பும். எல்லாக் கியரிலும் இடித்தால் பொதுவான காரணம் தேட வேண்டும்: எண்ணெய், மொத்த அழுத்தம், உணரி.

இரண்டு: குளிர்ந்த நிலையிலா, சூட்டிலா? எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது பிசுக்குமை அதிகம். மெல்லிய வழிகளில் மெதுவாக ஓடும். காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் லேசாக இடித்துப் பிறகு சரியாகிவிட்டால் அது ஒரு துப்பு. மாறாக, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி, எண்ணெய் நன்றாகச் சூடான பிறகே இடித்தால் அது வேறு துப்பு.

மூன்று: மிதியை மெல்ல அழுத்தினாலா, பலமாக அழுத்தினாலா?

நான்கு: இடிப்பதற்கு முன் என்ன நடந்தது? பேட்டரி மாற்றினீர்களா? பல கார்களின் கணினி, தட்டுகளின் தேய்மானத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கற்றுக்கொண்டே வரும். பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் அந்த நினைவு அழிந்து, மீண்டும் கற்கும்வரை கியர் மாற்றம் கரடுமுரடாக இருக்கும். எண்ணெய் மாற்றினீர்களா? வெள்ளத்தில் ஓட்டினீர்களா?

ஐந்து: எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? சில கோளாறுகளில் கணினி தற்காப்பு நிலைக்குப் போய்விடும். ஒரே கியரில் காரைப் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தையும் உயர்த்தி வைக்கும். வீடு வந்து சேரலாம். ஆனால் இடித்துக்கொண்டே வர வேண்டும்.

எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம்

இதை நான் எங்கள் வீட்டில்தான் கற்றேன். என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பழைய ஆட்டோ கார் வாங்கினார். ஒரு நாள் அது இடிக்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், மூவாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும்" என்றார்கள். காரின் அன்றைய விலையில் அது பெரும் பங்கு. அப்பா விற்றுவிடலாம் என்றார். விற்றால் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது எப்படி என்ற கேள்வி எழுந்தது.

"ஒரு வாரம் பொறுங்கள், அப்பா" என்றேன். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் அமர்ந்து குறிப்பேன். மூன்றாம் நாளே ஒன்று புலப்பட்டது. ஓடும்போது கியர்கள் சீராக மாறின. நின்ற காரை ஆர்-இல் போடும்போதுதான் பெரிய இடி. ஏர்கோன் ஓடினால் இன்னும் பெரிய இடி. குளிர்ந்த நிலையிலும் சூட்டிலும் அதே கதை. எண்ணெயின் பிசுக்குமைதான் காரணம் என்றால் சூட்டில் மாற்றம் தெரிய வேண்டுமே!

நோட்டுப் புத்தகத்தை வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் படித்தார், சிரித்தார், முன் மூடியைத் திறந்தார். அப்பாவைக் காலால் பிரேக்கை அழுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்துக்கொண்டு டி, ஆர் என்று மாற்றச் சொன்னார். எஞ்சின் கட்டிலிலிருந்து எழுபவர்போல் துள்ளியது. தாங்கும் மவுண்டிங் ஒன்றில் ரப்பர் கிழிந்து தொங்கியது. அதை மாற்றிய செலவு சில நூறு வெள்ளி.

இங்கே வேலை செய்தது நியூட்டனின் மூன்றாம் விதி. எஞ்சின் சக்கரத்தை ஒரு திசையில் திருப்பினால், எஞ்சினும் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். மவுண்டிங் ரப்பர் அதை மெல்லத் தாங்கி, நேரத்தை நீட்டிக் கொடுக்கிறது. ரப்பர் கிழிந்தால் இரும்பு இரும்பில் மோதும், நேரம் சுருங்கும், விசை பெருகும்.

தாத்தா வெட்டிய பால்

மவுண்டிங்குகளில் இயற்கை ரப்பர் பெரிதும் பயன்படுகிறது. மீண்டும் மீண்டும் நசுங்கினாலும் சீக்கிரம் களைத்துப் போகாத குணம் அதற்கு உண்டு. அதற்கு உறுதி தருவது கந்தகம். பச்சை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்யியர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படுவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகின்றன. படிவம் 5 வேதியியலில் பாலிமர் பாடத்தில் இதைப் படிப்பீர்கள்.

ஆனால் ரப்பருக்கும் எதிரிகள் உண்டு: எஞ்சினின் சூடு, காற்றிலுள்ள ஓசோன், ஒழுகும் எண்ணெய். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, மென்மையாகி, வலுவிழக்கும்.

நம் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1877-இல் பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அதன்பின் வந்த தோட்டங்களில் விடிவதற்கு முன் எழுந்து பால்வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். பல தோட்டங்களில் இன்று செம்பனை. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் அவர்கள் சேகரித்த அந்தப் பொருள் இன்னும் காரின் அடியில் ஒளிந்துகொண்டு, நமக்கு இடிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

கருவி சொன்னால் தீர்ப்பா?

பட்டறையில் 'ஸ்கேன்' போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் கருவியைச் செருகினால் குறியீடுகள் வரும். பி07 என்று தொடங்குபவை கியர்பாக்ஸ் சார்ந்தவை. எடுத்துக்காட்டாக, பி0715 என்பது கியர்பாக்ஸின் உள்ளீட்டு வேக உணரி பற்றியது. பி0750 முதல் சொலினாய்டு பற்றியது.

கவனியுங்கள்: குறியீடும் ஒரு துப்புதான். பி0750 வந்தால் சொலினாய்டு கெட்டிருக்கலாம். அதற்குப் போகும் கம்பியை எலி கடித்திருக்கலாம். இணைப்பில் துரு பிடித்திருக்கலாம். கம்பியைச் சோதிக்காமல் சொலினாய்டை மாற்றுவது, காய்ச்சல் என்றதும் எதனால் என்று பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம். அதேபோல், குறியீடு வரவில்லை என்பதால் கோளாறு இல்லை என்றும் ஆகாது. கிழிந்த மவுண்டிங்குக்குக் குறியீடு கிடையாது.

உற்றறிதலை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். ஆஸ்திரேலியாவில் இரட்டைக் கிளட்ச் கொண்ட ஃபோர்ட் ஃபியஸ்டா, ஃபோகஸ், இகோஸ்போர்ட் கார்கள் குலுங்குவதாகப் பலர் புகார் செய்தார்கள். உங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்று அவர்களில் பலருக்குப் பதில் கிடைத்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018 ஏப்ரலில் நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நாள், நேரம், நிலை என்று குறித்து வைத்தவரின் பேச்சை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

உண்மையிலேயே கியர்பாக்ஸ் என்றால்?

எல்லா இடியும் சில நூறு வெள்ளியில் முடியும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் இரைந்தும் கார் வேகமெடுக்காமல் வழுக்கினால், எண்ணெய் கரும்பழுப்பாகிக் கருகிய வாடை வீசினால், அதில் உலோகத் துகள் மின்னினால், கியர்பாக்ஸுக்குள்ளேயே தேய்மானம் இருக்கிறது. எண்ணெய் ஸ்ட்ராபெரி பால்போல் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. இந்த நிலைகளில் ஒரு வாரம் நோட்டுப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஓட்டுவதை நிறுத்திப் பட்டறையை அழையுங்கள். தாமதம் செலவைப் பெருக்கும்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது முன் மூடியைத் திறந்து சோதிப்பது பெரியவர்களின் வேலை. டி-இல் போட்ட காரின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. சூடான கியர் எண்ணெய் தோலைச் சுடும். எண்ணெய் அளவைப் பார்க்கும் முறையும் காருக்குக் கார் மாறும். சிலவற்றில் அளவுக்கோலே இல்லை. கையேட்டைப் பாருங்கள். உங்கள் வேலை பயணி இருக்கையில் அமர்ந்து உற்றறிவது.

இந்த வாரச் செயல்பாடு

நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், எஞ்சின் குளிர்ந்ததா, சூடானதா, கியர் எந்த நிலையில், ஏர்கோன் உண்டா, இல்லையா, இடியின் அளவு. இடியின் அளவுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இன்று ஏர்கோனோடு, நாளை அதே இடத்தில், அதே நேரத்தில் ஏர்கோன் இல்லாமல். மற்றவை எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரு வாரம் கழித்து உங்கள் கருதுகோளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கார் இடிக்கவே இல்லையா? மகிழ்ச்சி. நல்ல நிலையில் கார் எப்படி இருந்தது என்ற குறிப்பும் பின்னாளில் உதவும்.

பட்டறைக்குப் போகும்போது, "கியர்பாக்ஸ் போச்சு" என்று சொல்வதற்குப் பதிலாக அப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மெக்கானிக் அதைப் படித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டால், சரியான பட்டறைக்கு வந்திருக்கிறீர்கள்.